நகரப் பூங்காவில் போர் நினைவிடம் கட்டப் போகிறவர்களுக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: நகரப் பூங்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு பொது நினைவிடம் கட்டத் தீர்மானித்து, குழுவும் அமைத்துவிட்டார்கள். சிலை வைப்பதா, பெயர்ச் சுவர் எழுப்புவதா? எந்தக் கல் நிலைக்கும்? ஒரே வருடத்தில் வேலையை முடித்துத் திறந்துவிட முடியுமா?

பழைய நினைவுச் சின்னங்களின் கல்லையும் எழுத்தையும் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் என் பதில் பராமரிப்புப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கேள்வியில் முதலில் சிலை வருகிறது, அப்புறம் கல் வருகிறது, பெயர்ப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் பார்த்தவரை, பிற்பாடு தலைவலியாகிற வேலைகளில் முக்கால்வாசி இந்த வரிசையில் யோசித்ததால் வந்தவைதான். எனவே பெயர்களிலிருந்து தொடங்குகிறேன்.

யாருக்காகக் கட்டுகிறீர்கள்? போரில் இறந்தவர்களுக்கு மட்டுமா, படையில் பணியாற்றிய எல்லோருக்குமா? இரண்டும் வேறு வேறு நினைவிடங்கள். சிட்னியின் ஹைட் பார்க்கில் 1934-இல் திறக்கப்பட்ட அன்சாக் நினைவிடத்தின் குவிமாடத்துக்குள் சுமார் 1,20,000 பொன் நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் அந்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸிலிருந்து படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம். திரும்பி வந்தவருக்கும் அதில் இடம் உண்டு. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் நேர்மாறானது. அதில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் மட்டும்தான். அந்த விதியால் ஒரு பெரிய கூட்டமே வெளியே நின்றது. போரில் தெளித்த ரசாயனத்தால் வந்த நோயிலும் மன உளைச்சலிலும் பல வருடம் கழித்து இறந்தவர்களுக்குச் சுவரில் இடமில்லை. அவர்களுக்கென்று ஒரு தனிப் பலகை 2004-இல்தான் வந்தது. சுமார் 11,000 பெண்கள், பெரும்பாலும் செவிலியர்கள், அந்தப் போரில் பணியாற்றினார்கள். சுவரில் இருக்கும் பெண்களின் பெயர்கள் எட்டு. மற்ற பெண்களையும் நினைவில் நிறுத்தும் சிலை 1993-இல் வைக்கப்பட்டது. ஆக, கல் வெட்டுவதற்கு முன்பே விதியை எழுத்தில் போட்டு, குழு முழுவதும் கையெழுத்திட வேண்டும். எந்தப் போர்கள், எந்த ஆண்டுகள், பிறந்த ஊரா வசித்த ஊரா, பயிற்சியில் இறந்தவர் சேர்வாரா, வீடு திரும்பிய பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டவர் சேர்வாரா? கடைசிக் கேள்வியைக் குழுக்கள் பேசவே தயங்கும். பேசித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு விழா அன்று அவருடைய தாயார் வந்து கேட்பார், அப்போது யாரிடமும் பதில் இருக்காது.

விடுபட்ட பெயர் எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு ஒரு சான்று போதும். உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் கல்லறைகளைக் காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தொடக்கத்திலிருந்தே பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வது என்ற கொள்கையை வைத்திருந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இறந்த இந்திய, ஆப்பிரிக்கப் படையினரும் சுமை தூக்கியவர்களும் அப்படி நடத்தப்படவில்லை. ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்று அந்த அறிக்கை சொன்னது. ஆவணம் இருந்தவருக்குக் கல் கிடைத்தது, ஆவணம் இல்லாதவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் ஊரிலும் சமையற்காரர், ஓட்டுநர், கடைநிலைப் பணியாளர் என்று படையோடு போனவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய தாள்கள்தான் முதலில் காணாமல் போயிருக்கும். அவர்களைத் தேடுவதற்கென்று ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள்.

நிதி திரட்டுவதற்காகப் பெயர் பொறித்த செங்கல்களை விற்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பணம் கொடுத்தால் உங்கள் வீட்டு வீரரின் பெயர் நடைபாதையில் பதிக்கப்படும். எனக்கு இது பிடிக்காது, காரணமும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்க முடியாத குடும்பத்தின் வீரர் விடுபட்டுப் போகிறார். பதிக்கப்பட்ட பெயரையும் ஆட்கள் மிதித்து நடக்கிறார்கள், சில வருடங்களிலேயே எழுத்து தேய்கிறது. நன்கொடை தந்தவர்களுக்கு வேறு இடத்தில் ஒரு பலகை வையுங்கள். வீரர்களின் பெயருக்கு விலை வைக்க வேண்டாம்.

அடுத்தது பிழை. வாஷிங்டனில் கொரியப் போர் நினைவிடத்தில் 2022-இல் புதிதாக ஒரு பெயர்ச் சுவர் திறக்கப்பட்டது. இறந்த 43,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. சில மாதங்களில் ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். சேர வேண்டிய நூற்றுக்கணக்கான பெயர்கள் விடுபட்டிருந்தன. அந்தப் போரோடு சம்பந்தமே இல்லாமல் இறந்தவர்களின் பெயர்கள் ஏறியிருந்தன. பூர்வகுடி வீரர் ஒருவரின் பெயரில் சொற்கள் முன்பின்னாக மாறியிருந்தன. பழைய அரசுப் பட்டியலை அப்படியே எடுத்துக் கல்லில் ஏற்றியதால் வந்த வினை இது. அலுவலகப் பட்டியல் சம்பளத்துக்கும் கணக்குக்கும் போதுமானது, கல்வெட்டுக்குப் போதாது. ஒவ்வொரு பெயரையும் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். முடிந்தால் குடும்பத்தாரிடம் காட்டி, அவர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுத வேண்டும்.

பெயர்களை எந்த வரிசையில் வைப்பது? பதவி வரிசை வேண்டவே வேண்டாம். அகர வரிசை தேடுவதற்கு வசதி, ஆனால் ஒரே பெயர்கள் அடுக்கடுக்காக வந்து விழும். வியட்நாம் சுவரில் ஸ்மித் என்று முடியும் பெயர்கள் மட்டும் 600-க்கு மேல். அகர வரிசை வைத்திருந்தால் அது டெலிபோன் டைரக்டரி போல ஆகியிருக்கும். அதனால்தான் அதை வடிவமைத்த மாயா லின், வீழ்ந்த நாளின் வரிசையில் பெயர்களை அடுக்கினார். அப்போது அவருக்கு 21 வயது, கல்லூரி மாணவி. பெயரில்லாமல் நடந்த போட்டியில் 1,400-க்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து அவருடையது தேர்வானது. இரண்டு சுவர்கள் ஒரு முனையில் சந்திக்கின்றன. 1959-இன் முதல் பெயர் அந்த முனையில் தொடங்கி, வலது சுவரின் கடைசி வரை போய், இடது சுவரின் அந்தக் கோடியிலிருந்து மறுபடி தொடர்ந்து, 1975-இன் கடைசிப் பெயர் அதே முனையில் வந்து முடிகிறது. ஒரே சண்டையில் ஒன்றாக இறந்தவர்கள் சுவரிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பிய தோழன் வந்து நின்றால், தான் பிழைத்த அந்த நாளை ஒரு கை அகலத்துக்குள் பார்த்துவிடுவான். தேடுவதற்கு வாசலில் அகர வரிசைப் புத்தகம் இருக்கிறது, எந்தப் பலகை, எந்த வரி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். சின்ன ஊருக்கு இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. போர் வாரியாகப் பிரித்து, அதற்குள் இறந்த நாள் வரிசையில் வைத்து, பக்கத்தில் ஒரு அகர வரிசைப் பலகை போட்டால் போதும்.

அந்தச் சுவரில் எனக்கு மிகவும் பிடித்தது பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னக் குறி. இறப்பு உறுதியானவருக்கு வைரக்கட்டம், காணாமல் போனவருக்குச் சிலுவைக் குறி. காணாமல் போனவரின் எலும்புகள் பிறகு கண்டெடுக்கப்பட்டு அடையாளம் தெரிந்தால், சிலுவையின் மேலேயே வைரக்கட்டத்தை வெட்டிவிடுவார்கள். உயிரோடு திரும்பினால் சுற்றி ஒரு வட்டம் போடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். திருத்தம் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கு வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் சுவரிலும் அந்த வழி வேண்டும். பெயர்களை ஒரே பெரிய பாளத்தில் வெட்டாமல், தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சிறு பலகைகளில் வெட்டினால், ஒரு பிழைக்காகச் சுவர் முழுவதையும் தொட வேண்டியிருக்காது.

காலி இடமும் விடுங்கள். பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1927-இல் திறக்கப்பட்ட மெனின் கேட், உடல் கிடைக்காத வீரர்களுக்கானது. 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களை ஏற்றியும் அவ்வளவு பெரிய வாயிலில் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு காணாமல் போனவர்களில் பிரிட்டிஷ் படையினரின் பெயர்களை டைன் காட் கல்லறைச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். எண்ணிக்கை தெரிந்த, முடிந்துபோன ஒரு போருக்கே இந்த நிலை. நீங்கள் கட்டுவது இன்னும் வரக்கூடிய பெயர்களுக்கும் சேர்த்துத்தான். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வெற்றுப் பலகைகளுக்கு இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயரைத் தேடி வருகிறவர்கள் அதை விரலால் தடவுவார்கள். சிலர் மெல்லிய தாளைக் கல்லின் மேல் வைத்து, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். தாளில் கருமை பரவப் பரவ நடுவில் பெயர் வெள்ளையாக எழுந்து வரும். அதை மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போவார்கள். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் எழுத்து கல்லுக்குள் வெட்டப்பட்டிருக்க வேண்டும், விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், பெயர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வெறுமனே பெயின்ட் அடித்த எழுத்தும், லேசர் வைத்து மேலாகச் சுரண்டிய எழுத்தும் இதற்கு உதவாது. கல்லை வெட்டாமல் வண்ணம் மட்டும் பூசிய பெயர்கள் பத்துப் பதினைந்து வெயில் காலத்தில் மங்கிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைக்கும் எட்டுமா என்று பாருங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். திறந்த வெளிக்கு, பெயர் வெட்டுவதற்கு, கிரானைட்தான் என் முதல் தேர்வு. மழை, வெயில், புகை எதற்கும் அது அவ்வளவு எளிதில் அசையாது. வியட்நாம் சுவரின் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து போனது. பாலிஷ் போட்ட கறுப்பில் வெட்டிய எழுத்து வெளிர் நிறமாகத் தெரியும், படிக்கிறவரின் முகமும் பெயர்களுக்கு நடுவே பிரதிபலிக்கும். பளிங்கு அழகுதான், ஆனால் சுண்ணச் சத்துள்ள கல் என்பதால் அமிலம் கலந்த மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நூறு வருடப் பளிங்கில் எழுத்தின் ஓரங்கள் உருண்டு, படிக்கவே முடியாமல் கிடப்பதைப் பார்க்கலாம். மணற்கல் ஏடு ஏடாக உரியும், பெயர் வெட்டும் முகத்துக்கு அது கூடாது. எந்தக் கல்லானாலும் உள்ளே வைக்கும் கொக்கிகளும் கம்பிகளும் சாதாரண இரும்பாக இருக்கக் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கல்லைப் பிளந்துவிடும். விலை கூடுதலானாலும் துருப்பிடிக்காத எஃகு என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

வெண்கலப் பலகை வைத்தால் இரண்டு பிரச்சினைகள். அதிலிருந்து வழியும் பச்சை நீர் கீழே இருக்கும் வெளிர் கல்லைக் கறையாக்கும். அப்புறம் திருட்டு. பழைய உலோக விலை ஏறும்போதெல்லாம் நினைவிடங்களிலிருந்து பலகைகள் பெயர்த்துக்கொண்டு போகப்படுகின்றன. இங்கிலாந்தில் இது அளவு மீறிப்போய், 2012, 2013 ஆண்டுகளில் பழைய உலோக வியாபாரச் சட்டத்தையே இறுக்கினார்கள், ரொக்கத்துக்கு வாங்குவது தடை செய்யப்பட்டது.

பூங்கா என்பதால் இன்னும் சில. புல்வெளித் தண்ணீர்க் குழாய் பாலிஷ் கல்லின் மேல் தினமும் தெளித்தால், உப்புப் படிந்து வெள்ளைத் திரையாகிவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. சுவருக்கு நேர் மேலே மரக்கிளை வேண்டாம், பிசினும் பறவை எச்சமும் கல்லில் இறங்கும். வேர் தளத்தைத் தூக்கும். நிழல் உட்காருகிறவருக்குத்தான் தேவை. பெஞ்சுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் கட்டாயம் வேண்டும், வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், கைப்பிடி இல்லாமல் எழுந்திருக்க முடியாது. படிக்கட்டே இல்லாமல் மெல்லிய சரிவாக வழி போடுங்கள். விளையாட்டுத் திடலுக்கும் மேடைக்கும் பக்கத்தில் வேண்டாம். அதற்காக யாரும் போகாத மூலையிலும் வேண்டாம். நடைப்பயிற்சிப் பாதையிலிருந்து கண்ணில் படும்படியும், நடக்கிறவர்கள் குறுக்கே புகுந்து போகாதபடியும் ஓர் இடம் எல்லாப் பூங்காவிலும் இருக்கும்.

சிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலைக்கு நான் எதிரியில்லை. அன்சாக் நினைவிடத்துக்கு ரேனர் ஹாஃப் செய்த சிலையைப் போல ஒன்று கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு கேடயத்தின் மேல் இளம் வீரனின் உடல் கிடக்கிறது, தாயும் சகோதரியும் குழந்தையை ஏந்திய மனைவியும் அதைத் தாங்கி நிற்கிறார்கள். மேல் மண்டபத்தின் தரையில் வட்டமாக ஒரு திறப்பு, அதன் வழியே குனிந்துதான் அந்தச் சிலையைப் பார்க்க வேண்டும். பார்க்க வருகிற எல்லோருடைய தலையும் தானாகத் தாழ்கிறது. அது பெரிய கலைஞனின் வேலை. துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கும் பட்டறைச் சிலையை வாங்கி வைத்தால், ஒரு படைப்பிரிவு, ஒரு காலம், ஒரு சீருடை மட்டும்தான் அதில் தெரியும். மருத்துவப் பணியில் இருந்த பெண் தன்னை அதில் எங்கே பார்ப்பார்? வியட்நாம் சுவரின் கதையையும் கவனியுங்கள். கறுப்புச் சுவர் அவமானச் சின்னம் என்று கடுமையான எதிர்ப்பு வந்ததால், சமாதானமாக மூன்று வீரர்களின் சிலையை 1984-இல் சேர்த்தார்கள். இன்று மக்கள் பூவும் கடிதமும் பழைய காலணியும் கொண்டுபோய் வைப்பது பெயர்களுக்குக் கீழேதான். முதலில் பெயர்ச் சுவர், பணமும் நல்ல சிற்பியும் கிடைக்கும்போது சிலை.

அணையா விளக்கு, நீரூற்று ஆசைகளும் கட்டாயம் எழும். புதுடெல்லியில் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதிக்கு 2006 வரை சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், பிறகுதான் குழாய் வழி எரிவாயு. ஒரு நாட்டின் ராணுவமே பொறுப்பெடுத்த விளக்கு அது. நகரப் பூங்காவில் ஆள் போட்டுப் பார்க்க முடியாவிட்டால் அணையா விளக்கு ஒருநாள் அணைந்து கிடக்கும், அந்தக் காட்சி விளக்கு இல்லாததைவிடப் பல மடங்கு மோசம். நினைவு நாட்களில் மட்டும் ஏற்றும் விளக்கு போதும். நீர்த் தொட்டியும் அப்படித்தான், கசியாத தொட்டியை நான் பார்த்ததே குறைவு.

இதிலிருந்து பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டப் பணம் கிடைக்கும், காக்கப் பணம் கிடைக்காது. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி மக்கள் 1919-இல் இரண்டே வாரத்துக்குள் 25 லட்சம் டாலர் திரட்டினார்கள். 1926-இல் பூங்கா மேட்டில் அவர்கள் எழுப்பிய லிபர்ட்டி நினைவிடம் 217 அடிக் கோபுரம். 1994-இல் அது பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டது. நகர மக்கள் 1998-இல் தங்களுக்குத் தாங்களே ஒரு விற்பனை வரி போட்டுக்கொள்ள வாக்களித்த பிறகு, 2002-இல்தான் மறுபடி திறந்தது. ஹொனலுலுவில் கபியோலானி பூங்காவை ஒட்டி, முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்காக 1927-இல் கடல்நீர் நீச்சல் குளம் ஒன்றை நினைவிடமாகக் கட்டினார்கள், 100 மீட்டர் நீளம். உயிருள்ளவர்களுக்குப் பயன்படும் நினைவிடம் என்பது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் உப்பு நீரும் கவனிப்பின்மையும் சேர்ந்து 1979-இல் அதை மூடவைத்தன. இடிப்பதா பழுதுபார்ப்பதா என்று பல பத்தாண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனவே திரட்டும் தொகையில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்று என்றால் நிம்மதி, தொடாத வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியில் வருடாந்திர வேலையைச் செய்யுங்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை: வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், இணைப்புகளைப் பார்ப்பது, வெண்கலம் இருந்தால் மெழுகு பூசுவது. ஆசிட், கம்பி பிரஷ், பிரஷர் வாட்டர் ஜெட் மூன்றையும் கிட்டவே சேர்க்கக் கூடாது. விழாவுக்கு முந்தின நாள் பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றிய ஒரே நாளில், ஐம்பது வருட மழை செய்யாத சேதம் நடந்துவிடும்.

ஒரு வருடத்தில் முடியுமா? கட்டடம் முடியும், பெயர்ப் பட்டியல் முடியாது. ஆனால் அடுத்த நினைவு நாளுக்கு வெறுங்கையோடு நிற்கவும் வேண்டியதில்லை. லண்டனில் உள்ள செனொடாஃப் என்ற போர் நினைவுச் சின்னம் முதலில் 1919 ஜூலையில் அமைதி ஊர்வலத்துக்காக மரத்தாலும் சாந்தாலும் அவசரமாகச் செய்த தற்காலிகச் சின்னம். ஊர்வலம் முடிந்ததும் கழற்றிவிடுவதாகத்தான் ஏற்பாடு. மக்கள் அதன் அடியில் மலையாகப் பூக்களைக் குவித்தார்கள். அதே இடத்தில் அதே வடிவத்தில் கல்லில் வேண்டும் என்று கேட்டார்கள், 1920 நவம்பர் 11-இல் கல் சின்னம் திறக்கப்பட்டது. அதையே நீங்களும் செய்யலாம். தேர்ந்தெடுத்த இடத்தில், நினைத்திருக்கும் அதே உயரத்தில், பிளைவுட் பலகை நிறுத்தி, பெயர்களை அச்சடித்து ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, பேனா, உட்கார ஒரு ஆள். பிழை இருந்தால் எழுதட்டும், விடுபட்டவரைச் சொல்லட்டும், பழைய கடிதமும் பென்ஷன் புத்தகமும் கொண்டுவந்து காட்டட்டும். ஆறு மாதமாவது அது நிற்கட்டும். யார் எங்கே நிற்கிறார்கள், பூவை எங்கே வைக்கிறார்கள், எந்த நேரம் வெயில் முகத்தில் அடிக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். நோட்டில் புதிய திருத்தம் வருவது நின்ற பிறகு கல் ஆர்டர் கொடுங்கள்.